குழவி நீராட்டும் மேனிப் பூச்சும்

குழவியை நீராட்டுதல் தாய்மாரின் தொழில்களுள் மிகப் பழையதொன்று. பெரியாழ்வார் தம் திருமொழியில், கண்ணனை நீராட அழைக்கும் யசோதையின் கூற்றாகவே ஒரு பதிகம் பாடியுள்ளார். எண்ணெயும் புளிப்பழமும் எடுத்துவைத்து, ஓடியாடும் மகன் வருவான் வருவான் என நெடும்பொழுது காத்திருக்கும் தாயை அப்பதிகத்திற் காண்கின்றோம். விவிலியத்தில் எசேக்கியேல் ஆகமத்தின் 16ஆம் அதிகாரமும் பிறந்த குழவிக்குச் செய்யத்தக்கவற்றைக் குறிக்கின்றது. தொப்புட்கொடியை அறுத்தல், நீரால் கழுவுதல், உப்பால் தேய்த்தல், துணியால் சுற்றுதல் என்பன அவை. நாடும் மொழியும் வேறாயினும், பிறந்த மேனியின்மேல் எதையேனும் தேய்த்தல் வேண்டும் என்னும் எண்ணம் ஈரிடத்தும் ஒன்றாகவே உள்ளது.

எண்ணமும் அன்பும் ஒன்றாயினும், தேய்க்கும் பொருளெல்லாம் ஒரு தன்மையன அல்ல. உப்புத் தேய்க்கும் வழக்கம் துருக்கி நாட்டின் சில பகுதிகளில் அண்மைக் காலம் வரையில் நிலவியது. மெல்லிய தோலின் வழியே உப்பு உடலினுட் புகுந்து, குருதியில் அளவு மிஞ்சிக் குழந்தைகள் கடுநோயுற்றதை அந்நாட்டு மருத்துவர் பதிவு செய்துள்ளனர். தேய்த்த கை அன்புடைய கையே. ஆயினும் அவ்வன்பு உப்பின் தன்மையை மாற்றவில்லை.

இப்பொருள் மாணவராகிய நமக்கு எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். தமக்கைக்கோ அண்ணிக்கோ மகப்பேறு வாய்த்த செய்தி கேட்டவுடன் நம்மில் எத்துணைப் பேர் கடைக்கு விரைகின்றோம்! சோப்பு, பவுடர், எண்ணெய், லோஷன், ஷாம்பு ஆகிய ஐந்தும் அழகுற அடுக்கிய பரிசுப் பெட்டியொன்றை வாங்கி மகிழ்வோடு நீட்டுகின்றோம். அப்பெட்டியுள் இருப்பவற்றுள் குழந்தைக்கு வேண்டுவன எவை, வேண்டாதன எவை என ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நம் கடன். அதற்குத் துணையாகச் சில செய்திகளை ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

1. தோலின் இயல்பு

குழந்தையின் தோல் பெரியவர் தோலின் சிறு படி அன்று. தோலின் மேற்பரப்பில் உயிரற்ற அணுக்களால் ஆகிய காப்பு அடுக்கு ஒன்று உண்டு. அது பெரியவரினும் குழந்தைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மெல்லியது. ஆகலின் உள்ளிருக்கும் நீர் வெளியேறுதலும் வெளியிருக்கும் பொருள் உட்புகுதலும் எளிது.

இன்னுமொன்று கருதத்தக்கது. 3 கிலோ எடையுள்ள குழவியின் தோற்பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர சென்டிமீட்டர்; 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அஃது ஏறத்தாழ 16,500. ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு பரப்பு எனக் கணக்கிட்டால், குழவியின் பங்கு நம்முடையதினும் இரு மடங்குக்கு மிகுதி என்பது புலனாகும். உடல் முழுதும் பூசும் பொருளில் சிறிது உட்புகினும், நமக்குச் சிறிதாயது குழவிக்குப் பெரிதாம்.

மூன்றாவது, தோலின் புளிப்புத் தன்மை. நலமுள்ள தோலின் மேற்பரப்பு சற்றே அமிலம் சார்ந்தது, பி.எச். என்னும் அளவையில் ஏறத்தாழ 5.5 எனலாம். இவ்வமிலத்தன்மை காப்பு அடுக்கினைக் கட்டிக் காக்கின்றது. தீய நுண்ணுயிர்களின் பெருக்கத்தையும் தடுக்கின்றது. பிறந்த அன்று குழவியின் தோல் ஏறக்குறைய நடுநிலையில் இருந்து, பின்வரும் நாட்களிலும் வாரங்களிலும் மெல்ல மெல்ல இந்நிலையை எய்தும். எனவே முதற் சில வாரங்கள் தோல் தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் காலமாம். அக்காலத்து நாம் செய்யும் பேருதவி, அவ்வாக்கத்திற்கு இடையூறு செய்யாதிருத்தலே.

2. நீராட்டு

பிறந்த குழவியின் மேனியில் வெண்ணெய் போன்ற வெள்ளைப் பூச்சு ஒன்று காணப்படும். அழுக்கென்று அதனைத் துடைத்தெறிவார் பலர். அஃது அழுக்கன்று. அதில் 100க்கு 80 பங்கு நீர். எஞ்சியவை கொழுப்பும் புரதமும். தோலை உலராமற் காத்து, கிருமிகளைத் தடுத்து நிற்கும் அதனை இயற்கை அளித்த முதற் பூச்சு எனலாம். இதனாலும், நீராட்டிய உடன் குழவியின் உடல் குளிர்ந்துவிடும் அச்சத்தாலும், முதல் நீராட்டினைப் பிறந்து 24 மணி நேரம் கழியும் வரை தள்ளி வைக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது.

அதன் பின்னர் எவ்வாறு நீராட்டுவது? நீரின் வெப்பம் உடலின் வெப்பத்தை ஒத்து, ஏறத்தாழ 37 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும். வெப்பமானி இல்லாதார் முழங்கையை நீரில் தோய்த்துப் பார்க்க. உள்ளங்கை சூட்டிற்குப் பழகியதாகலின் அதனை நம்பற்க. ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். குளிர்நாடுகளில் வாரம் இரு முறையோ மும்முறையோ நீராட்டுவதே போதும் என்பர். நம் நாட்டு வெயிலில் நாள்தோறும் நீராட்டுதல் தகாததன்று. ஆயினும் நாள்தோறும் நீராட்டுதல் வேறு. நாள்தோறும் தலை முதல் கால் வரை சோப்பிடுதல் வேறு. முன்னையது வெயிலுக்கு ஏற்றது. பின்னையது தோலுக்கு ஒவ்வாதது.

சோப்பு என்பது கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சிய பொருள். அதன் பி.எச். 9 முதல் 10 வரை. குழந்தையின் படம் பொறித்த உறைக்குள் இருப்பினும் சோப்பு காரச் சோப்பே. தோலின் இயல்பான அமிலத்தையும் கொழுப்பையும் அது குறைக்கும். சோப்புப் போன்றே நுரைப்பினும், காரமின்றிப் பி.எச். 5.5 அளவில் ஆக்கப்பெற்ற கட்டிகளும் திரவங்களும் இக்காலத்துக் கிடைக்கின்றன. அவற்றுள் மணமற்ற ஒன்றைத் தேர்ந்து, அழுக்குப் படியும் இடங்களாகிய கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றில் மட்டும் சிறிதளவு இட்டுக் கழுவுதல் நன்று. ஏனைய இடங்களுக்கு நீரே போதும்.

பயத்தம் மாவு தேய்க்கும் நம் வழக்கம் பற்றியும் ஒரு சொல். நுண்ணிதாக அரைத்துச் சலித்து, நீரிற் குழைத்து, வளர்ந்த குழந்தைக்கு மெல்லத் தடவுதல் ஒன்று. கொரகொரவென்ற மாவைப் பச்சிளம் மேனியில் அழுத்தித் தேய்த்து மயிரை உதிர்க்க முயலுதல் மற்றொன்று. பின்னையது காப்பு அடுக்கினைக் கீறிவிடும். பிறவியில் உள்ள மென்மயிர் தேய்க்காமலே சில வாரங்களில் உதிர்வது. அதனொடு போர் தொடுக்க வேண்டா.

3. எண்ணெயும் பூச்சும்

எண்ணெய் தேய்த்தல் நம் நாட்டின் நன்முறைகளுள் ஒன்று. தாயின் கை மேனியிற் படுவதே குழந்தைக்கு ஓர் ஆறுதல். ஆயினும் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. வங்காள தேசத்தின் டாக்கா நகரத்துச் சிறுவர் மருத்துவமனையில் குறைமாதக் குழவிகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவி ஆராய்ந்தனர். தடவப்பெற்ற குழவிகளுக்கு மருத்துவமனைத் தொற்று 100க்கு 41 பங்கு குறைந்ததென 2005ஆம் ஆண்டில் அவ்வாய்வு வெளிவந்தது. குறைமாதக் குழவிகளின் தோலினின்று நீர் ஆவியாய்ப் போதலைத் தேங்காய் எண்ணெய் குறைப்பதை இந்திய மருத்துவர் கண்டுள்ளனர். மாறாக, ஆலிவ் எண்ணெய் பெரியவர் தோலிலேயே காப்பு அடுக்கினைத் தளர்த்துவதை 2013ஆம் ஆண்டின் ஆங்கிலேய ஆய்வொன்று காட்டிற்று. விலை மிக்கதே சிறந்தது எனக் கருதி ஆலிவ் எண்ணெயை நாடுவோர் இதனை நினைவிற் கொள்க. கடுகெண்ணெயும் காப்பு அடுக்கிற்கு ஏற்றதன்று.

எண்ணெய் தோலுக்கு உரியது. மூக்கிற்கும் காதிற்கும் உரியதன்று. நீராட்டும்பொழுது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம் இன்றும் சில ஊர்களில் உண்டு. அவ்வெண்ணெய் மூச்சுக்குழல் வழியே நுரையீரலை அடைந்து ஒருவகை நிமோனியாவை விளைவிக்கும். தென்னாட்டு மருத்துவர் இதனைப் பலகால் எடுத்துரைத்துள்ளனர்.

நலமுள்ள தோலுக்கு நாள்தோறும் லோஷன் பூசினால் கரப்பான் வராது என்றொரு நம்பிக்கை எழுந்தது. இங்கிலாந்தில் 1,394 குழவிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஓராண்டு நாள்தோறும் பூச்சிட்டு ஆராய்ந்தனர். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, பூசினார்க்கும் பூசாதார்க்கும் கரப்பானில் வேறுபாடு இல்லை. பூசினார்க்குத் தோற்றொற்று சிறிது மிகுந்தது. உலர்ந்து வெடித்த தோலுக்குப் பூச்சு மருந்தாம். நலமுள்ள தோலுக்கு அது கட்டாயம் அன்று.

பூசும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். டயப்பர் கட்டும் இடம் ஈரமும் வெம்மையும் மூட்டமும் உடையது. அங்குத் தோல் சிவந்து புண்பட்டிருப்பின் பூசிய பொருள் மிகுதியாக உட்புகும். இக்கருத்தாலேயே, மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளின் அவ்விடத்திற்கென ஆக்கப்பெறும், கழுவாது விடும் பூச்சுகளில் புரொப்பைல் பாரபென், பியூட்டைல் பாரபென் ஆகிய இரு காப்புப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டில் தடை செய்தது. நீரிற் கழுவி, காற்றாட விட்டு, துத்தநாக ஆக்சைடு கலந்த பூச்சினை இடுதல் அவ்விடத்துச் சிவப்பிற்குப் போதிய மருந்து.

4. பொடி

பரிசுப் பெட்டியில் முதலிடம் பெறுவது பவுடர். அதன் கதை நீளமானது.

டால்க் என்பது நிலத்தினின்று தோண்டி எடுக்கும் ஒரு கனிமம். ஆஸ்பெஸ்டாஸ் என்னும் தீய கனிமமும் அதன் அருகிலேயே நிலத்துட் கிடப்பதுண்டு. ஆகலின் கலப்பு நேரும் அச்சம் உளது. கலப்பில்லாத டால்க்கும் நுண்துகளாய் எழுந்து குழந்தையின் நுரையீரலுட் புகும். புட்டி கவிழ்ந்து பொடியை மூச்சில் இழுத்துக் குழந்தைகள் இறந்ததும் உண்டு. 1894 முதல் டால்க் பவுடர் விற்று வந்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம், அமெரிக்காவிலும் கனடாவிலும் அவ்விற்பனையை நிறுத்துவதாக 2020இலும், உலகெங்கும் 2023இல் நிறுத்துவதாக 2022இலும் அறிவித்தது; தன் பொருள் தீங்கற்றது என்றே அந்நிறுவனம் கூறி வருகின்றது. 2024ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டால்க்கினைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் எனக் கருதத்தக்க பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. மாவுப் பொடியாயினும் மூச்சில் இழுக்கும் இடர் நீங்காது.

இதனினும் துயர் மிக்கது பிரெஞ்சு நாட்டில் 1972ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ‘மோரான்ஜ்’ என்னும் பெயரால் விற்ற குழந்தைப் பவுடரில், தொழிற்சாலையில் நேர்ந்த பிழையால், ஹெக்சாக்ளோரோஃபீன் என்னும் கிருமிக்கொல்லி 100க்கு 6 பங்கு கலந்துவிட்டது. புண்பட்ட தோலின் வழியே அந்நஞ்சு மூளையைத் தாக்கிற்று. 204 பேர் நோயுற்றனர். 36 குழந்தைகள் மாண்டனர். அத்தாய்மார் செய்த குற்றம் யாது? கடையில் விற்ற பொருளை வாங்கி, சிவந்த தோல் ஆறட்டும் என்று தூவினர். தூவத் தூவச் சிவப்பு மிகுந்தது. மிகுதொறும் மீண்டும் தூவினர். அந்நஞ்சு உறையின்மேல் எழுதப்பெறவில்லை. எத்துணைக் கூர்ந்து படித்திருப்பினும் அறிந்திரார்.

இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிப்பது மிகப் பெரிது. எழுத்தைப் படித்துத் தேர்தல் வேண்டும். ஆயினும் எழுத்தில் இல்லாத இடரும் உண்டு. அவ்விடரைக் குறைக்கும் வழி, வேண்டாத பொருளை மேனியில் இடாமையே. வியர்வைக்குப் பருத்தித் துணி போதும். ஈரத்திற்கு உலர்ந்த துணியால் ஒற்றுதல் போதும்.

5. மையும் மணமும் புகையும்

கண்ணேறு கழிய மையிடுதல் நம் வீடுகளில் மரபு. சுர்மா முதலிய சிலவகை மைகளில் ஈயம் உளது. ஈயம் எவ்வளவு சிறிதாயினும் வளரும் மூளைக்குக் கேடு. ஈயம் கலந்த நிறப்பொருள்களை இந்திய விதிகள் தடுத்துள்ளன. ஆயினும் பெயரும் முகவரியும் இன்றிச் சந்தையில் விற்கும் மைக்கு யார் பொறுப்பு? வீட்டில் விளக்கேற்றிப் பிடித்த கரியில் ஈயம் இல்லையெனினும், இடும் விரலின் அழுக்கும் நகமும் கண்ணுக்குப் பகை. பொட்டிடும் ஆசையை விடவியலாதார், கண்ணை விட்டு உள்ளங்காலில் இடுக.

சளிக்கெனத் தேங்காய் எண்ணெயிற் கற்பூரத்தைக் காய்ச்சி மார்பில் தடவுவர். கற்பூரம் சிறு குழவிக்கு வலிப்பை வருவிக்கும் பொருள். நீராட்டியபின் சாம்பிராணிப் புகையிற் குழந்தையைக் காட்டுதலும் அத்தன்மைத்தே. தலை உலர்வதற்குத் துணி உண்டு. புகை செல்வது நுரையீரலுக்கு.

மணத்தைப் பற்றியும் கூறுதல் வேண்டும். ‘மணம்’ என உறையில் ஒரு சொல்லாய் எழுதப்பெறுவது பெரும்பாலும் பல பொருள்களின் கலவை. தோல் ஒவ்வாமைக்கு முதன்மையான காரணங்களுள் அதுவும் ஒன்று. மணத்தை நாடுவது குழந்தை அன்று. குழந்தையை எடுக்க வரும் நாமே.

6. வாங்குமுன் கேட்கத்தக்க வினாக்கள்

‘இயற்கை’, ‘மூலிகை’, ‘மென்மை’, ‘மருத்துவர் சோதித்தது’ என்னும் சொற்கள் உறையின் முன்புறத்தில் பெரிய எழுத்தில் மின்னும். அவை விற்பனைச் சொற்கள். நாம் படிக்க வேண்டுவது பின்புறத்துச் சிறிய எழுத்து. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி ஆக்கியோன் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், பயன்படுத்தத்தக்க இறுதி நாளும், சேர்பொருள்களின் பட்டியலும் உறையில் இருத்தல் வேண்டும். பட்டியலில் மிகுதியாகச் சேர்ந்தது முன்னும் குறைவாகச் சேர்ந்தது பின்னும் வரும். இவை இல்லாத பொருளைக் குழந்தைக்கு வாங்கற்க.

பின்னர் நான்கு வினாக்களைக் கேட்க. இஃது எதற்கு வேண்டும்? இதில் யாது உளது? எவ்விடத்தில் இடுவது? கழுவி விடுவதா, மேனியிலேயே தங்குவதா? தங்கும் பொருளுக்கு மிகுந்த கண்டிப்பு வேண்டும். பட்டியல் குறுகியதாய், மணமற்றதாய் இருப்பது விரும்பத்தக்கது. நிலக்கடலை எண்ணெய் கலந்த பூச்சினைக் கரப்பான் உள்ள குழந்தைக்கு இடுதல், பின்னர் நிலக்கடலை ஒவ்வாமையோடு தொடர்புடையதென 2003ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியமையின், உணவுப் பெயரையும் பட்டியலில் நோக்குக. புதிய பொருள் எதனையும் முழு மேனியில் இடுமுன் முன்கையில் சிறிது தடவி இரண்டு நாள் பார்க்க. சிவப்போ கொப்புளமோ தோன்றின் அதனை நிறுத்தி மருத்துவரிடம் செல்க. ஒரு பொருளால் வந்த சிவப்பினை மற்றொரு பொருளால் மறைக்க முயலற்க.

முடிவுரை

முதியோர் சொன்னதெல்லாம் பிழையென்பது இதன் கருத்தன்று. கடையில் விற்பதெல்லாம் நஞ்சென்பதும் அன்று. பாட்டியின் தேங்காய் எண்ணெயை ஆய்வு ஏற்றது. அதே பாட்டி மூக்கில் விட்ட எண்ணெயை மறுத்தது. காரமற்ற கழுவு பொருளை ஏற்றது; பவுடரை விலக்கியது. பழமையும் புதுமையும் ஒரே தராசில் நிறுக்கப்பெறுதல் வேண்டும். தோலுக்கு நன்றா என்பதே அத்தராசு.

குழந்தைக்கு வாய் இல்லை. எரிகின்றது என்று சொல்ல அறியாது. அதன் பொருட்டு வினவ வேண்டியவர் நாமே. அடுத்த முறை பரிசு வாங்கச் செல்லும் நண்பர்காள், ஐந்து புட்டிகள் அடங்கிய பெட்டியை வைத்துவிட்டு, நன்கு துவைத்து மென்மையாக்கிய பருத்தித் துண்டுகள் நான்கும், மணமற்ற கழுவு பொருள் ஒன்றும் கொண்டு செல்க. பெட்டி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அப்பிள்ளைக்கு வேண்டுவன அனைத்தும் அதில் உள.